உன் கம்பெனிக் கூரையில் பாடுகிறவள்

கண்ணு, நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பது வாசலில் நிற்கும் புது வண்டியைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் சௌக்கியம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று உன் பெண்டாட்டி சிரிப்பாள். சிரிக்கட்டும், அவள் சிரித்த கணக்கெல்லாம் என்னிடம் தனியாக இருக்கிறது. போன வாரம் மூன்று தடவை உன்னிடம் பேச வந்தேன். முதல் தடவை உன் காதில் போன் இருந்தது. இரண்டாம் தடவை கையைக் காட்டி "அப்பறம்மா" என்றாய். மூன்றாம் தடவை நான் வாயைத் திறக்கும் முன்பே "மருந்து தீந்து போச்சா?" என்று கேட்டாய். நான் நாலாங்கிளாசோடு நின்றவள். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. அப்படியும் எழுதுகிறேன் என்றால் காரியம் பெரிது என்று நீயே தெரிந்துகொள். வருகிற வெள்ளிக்கிழமை நெருப்பெரிச்சல் ஊரில் கட்டிய புது யூனிட்டில் பால் காய்ச்சுகிறாய். அங்கே கூரையில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்களில் முதல் பாட்டாக, பரணிலிருந்து எடுத்த அந்தப் பாட்டைப் போடப் போகிறாய் என்று சூப்பர்வைசர் சொன்னார். அதைப் போடாதே. அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமைக்குள், நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

பாட்டு லைசென்ஸ்காரர் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு நான் வேலம்பாளையம் கம்பெனியில் உன் ரூமில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பையன். வணக்கம் சொல்லிவிட்டு நேராகத் தையல் லைனுக்கு நடுவில் போய் நின்று, கூரை ஸ்பீக்கரைப் பார்த்துத் தன் போனைத் தூக்கிப் பிடித்தான். போன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டது. பிறகு அதுவே பாட்டின் பேரையும் பாடினவர் பேரையும் எழுதிக் காட்டியது. எனக்கு அப்போதே உடம்பு கூசியது. காற்றில் போகிற குரலைப் பிடித்து இன்னாருடையது என்று சொல்லும் பொருள் ஒன்று உலகத்தில் வந்துவிட்டது என்றால் இனி எந்தக் குரலும் ஒளிய முடியாது. நீ அவனிடம் எகிறினாய். "காசு குடுத்து வாங்குன பாட்டு, என்ற ஸ்பீக்கரு, என்ற கம்பெனி. இதுல நீ யாருப்பா?" என்றாய். அவன் முகம் மாறவில்லை. "கேக்கறதுக்கு வாங்கறது வேறங்க சார், தொழில் நடக்கற எடத்துல போடறது வேறங்க. டீக்கடை, சலூன், துணிக்கடை, பனியன் கம்பெனி எல்லாத்துக்கும் இதே சட்டந்தானுங்க. லைசென்ஸ் எடுத்துட்டு எந்நேரமும் போடுங்க" என்றான். "அப்ப காம்பவுண்டுல காக்கா கத்துதே, அதுக்கும் லைசென்ஸ் எடுக்கோணுமா?" என்று நீ கேட்டாய். "காக்கா பாட்டுக் கட்டித் தந்துச்சுன்னா அதுக்குந்தானுங்க சார்" என்றான். கட்டிங் டேபிளில் இருந்தவர்கள் சிரித்தார்கள், உனக்குத்தான் மூக்கு சிவந்தது. நான் குறுக்கே புகுந்து கேட்டேன்: "ஏனுங் தம்பி, பாடுனவிய செத்துப் போயிருந்தா?" அதற்கு அவன், "அவிய புள்ளைகளுக்குப் போகுமுங்க அம்மா. பாட்டுக் கட்டுனவியளுக்கும் சொந்தம், பாடுனவியளுக்கும் சொந்தம். கேக்காமப் போடக் கூடாது, அவ்வளவுதானுங்க" என்றான். எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப் போனது. எனக்கு ஒருவரைப் பிடிப்பது எத்தனை அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

அவன் போனதும் நீ சொன்னாய்: "என்ற ஊட்டுப் பாட்டையே போடறேன். எவன் வந்து கேப்பான்னு பாத்தர்றேன்." அந்த வாரமே பரண் ஏறினாய். உன் அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து, பேர் எழுதாத ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் எந்த ஸ்டூடியோவிலோ கொடுத்திருக்கிறாய். அவர்கள் முன்னும் பின்னும் வெட்டி, தாளம் சேர்த்து, சொல்லைக் கரைத்து, குரலை மட்டும் புகைபோல நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கற்பூரம் எடுத்துக்கொண்டு வழக்கம்போல கம்பெனிக்கு வந்தேன். படி ஏறும்போதே கேட்டது. முதலில் பக்கத்தில் எங்கோ இழவு விழுந்திருக்கிறது என்று நினைத்து நின்றேன். பிறகு அந்தக் குரல் என் தலைக்கு மேலிருந்து வருவது தெரிந்தது. நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் நான் கேட்ட குரல். உள்ளே போனால் அத்தனை பேரும் தலை குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். குரல் மூச்சு இழுக்கும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் ஓவர்லாக் மிஷின்கள் அத்தனையும் ஒரு நொடி நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் யாரையும் பார்க்கவுமில்லை. மறுபடி குரல் எழுந்தபோது மிஷின்களும் எழுந்தன. இரண்டாவது மூச்சிலும் அப்படியே. அந்த இடைவெளியில் இன்னொரு சத்தம் இருந்தது, ஒரு பெண் விக்கி விக்கி அழுவது. ஸ்டூடியோக்காரர்கள் அழகாக இருக்கிறது என்று அதை விட்டுவைத்திருக்கிறார்கள். அது நான், சாமி. இருபத்தைந்து வயதில் நான் அழுத அழுகை உன் கூரையிலிருந்து என்மேல் விழுந்துகொண்டிருந்தது. கற்பூரத் தட்டை அங்கேயே வைத்துவிட்டேன். நீ ஓடி வந்து, "நல்லா இருக்குதாம்மா? நம்ம ஊட்டுத் தாலாட்டு" என்றாய். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மெட்டு ஒரே வயிற்றில் பிறந்தது. சொல்லைக் கரைத்துவிட்டால் உன்னை மாதிரி ஆட்களுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்த ஒருத்தி உன் லைனில் இருந்தாள். செக்கிங்கில் நூல் பிசிறு வெட்டும் கிழவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வெயிலில் போய் நின்றாள், நீ பார்க்கவில்லை.

இனி நான் உனக்குச் சொல்லாததைச் சொல்ல வேண்டும். என்னைப் பெற்றவள், உன் அம்மாயி, செத்த அன்றைக்குக் காலையிலேயே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். என் மாமியாரிடம், உன் அப்பாயியிடம், சொல்லியிருக்கிறான். அன்றைக்கு லாரியில் சரக்கு ஏற்ற வேண்டும், நாங்கள் எல்லோரும் நம் பழைய பனியன் ஷெட்டில் துணி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். மாமியார் இடுப்புச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாரி கேட்டைத் தாண்டிய பிறகு, "உங்கொம்மா காலைல தவறிப் போச்சாம், போயிட்டு வா" என்றார், உப்பு வாங்கி வா என்பதுபோல. நான் ஆறு கடந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்து, வீட்டைக் கழுவி, பூட்டுப் போட்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை, மாரடித்து அழவில்லை. அழுகை உள்ளேயே கல்லாகிவிட்டது. உன் அப்பா காலையிலிருந்தே விஷயம் தெரிந்தவர். அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் நான் மன்னிக்கவில்லை. செத்தவர்கள் என்பதற்காக என் கோபம் ஒரு இம்மியும் குறையாது, அது உனக்கே தெரியும்.

அப்போது ஷெட்டில் சரசு என்று ஒருத்தி பிசிறு வெட்டினாள். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரைப் பற்றி நாலு சொல் காதில் விழுந்தால் போதும், அங்கேயே பாட்டுக் கட்டுவாள். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளைக் குடோனுக்குள் கூட்டிப்போய் ஷட்டரை இறக்கினேன். உன் அப்பாவின் டேப் ரெக்கார்டரைத் துணிமூட்டை மேல் வைத்து, "என்ற அம்மாளுக்கு ஒரு பாட்டுப் பாடு சரசு. எனக்கு அழுகோணும்" என்றேன். அவள் பயந்துபோனாள். "சாவு விழுகாத எடத்துல பாடக் கூடாதுங்க்கா. பாடுனா பாட்டு ஆளத் தேடுமுங்க" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கெஞ்சவில்லை. "நாளையிலிருந்து வேலைக்கு வரோணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். எனக்கு யார்மேல் கோபமோ அவரிடம் கேட்க முடியாததை, என்னிடம் கைகட்டி நின்றவளிடம் கேட்டேன். அவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பாடினாள்:

ஆறு கடந்து வந்தேன், என்னெப் பெத்தவளே,
அடுப்பு நனஞ்சு கெடக்குது.
பூட்டுத் தொங்கப் பாத்தேன், என்னெப் பெத்தவளே,
சாவி எங்க வெச்சுப் போனே?

நான் அழுதேன். மூட்டைகளில் முகத்தைப் புதைத்து அழுதேன். ஒப்பாரிக்கு ஒரு முடிப்பு உண்டு, அழுதவளுக்குத் தண்ணீர் கொடுத்து, போதும் தாயே என்று எழுப்பும் பாட்டு. அதற்கு முன்பே ஷட்டருக்கு வெளியே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. நான் பட்டனை அழுத்திவிட்டேன். சரசு வாயைத் திறந்தபடியே நின்றாள். முடிப்பை எச்சிலோடு முழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த மாதமே அவள் புருஷன், சாயப்பட்டறை வேலைக்குப் போனவன், திடமாகப் போனவன், நின்ற இடத்தில் விழுந்து செத்துப்போனான். அவன் உடம்புக்கு முன்னால் உட்கார்ந்து அவள் ஒரு சொல் பாடவில்லை. ஊரே பேசியது, கல் நெஞ்சுக்காரி என்றது. அவள் கூட்டத்துக்குள் என்னை மட்டும் தேடிப் பார்த்தாள். அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. எந்தச் சாவுக்கும் போய்ப் பாடவும் இல்லை. பாட்டுக்கும் அவன் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்வார், நீ சொல்வாய், நானும் பகலில் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

சரசு உயிரோடு இருக்கிறாள். காங்கேயத்தில், மகன் வீட்டில். கேட்காமல் போடக் கூடாது என்று லைசென்ஸ்காரர் சொன்னது என் காதிலேயே இருந்தது. நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்தபின் நானே பஸ் ஏறினேன். தேங்காய்ப் பருப்பு காயும் களத்தில் கையில் ஒரு கம்போடு காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் எல்லாம் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "வாங்க்கா. இன்னும் இருக்கறீங்களா?" என்றாள். "நீ போகாம நான் எப்படிப் போறது?" என்றேன். கொஞ்சம் சிரித்தாள். சூப்பர்வைசர் என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கம்பு கையிலிருந்து நழுவியது. விரட்ட ஆள் இல்லை என்றதும் காக்கைகள் களத்தில் வரிசையாக இறங்கின. ஒன்றுகூடப் பருப்பைக் கொத்தவில்லை, கத்தவும் இல்லை. பாட்டு ஓடி, சாவிச் சத்தம் இருந்த இடத்தில் வெட்டுப்பட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவள் கேட்டாள்: "யாருங்க்கா செத்தது?"

"யாரும் சாகல. பையன் கம்பெனியில சும்மா போட்டுக்கறான், வேலைக்கு."

"எத்தன நாளா?"

"இருவது நாளிருக்கும்."

"காத்தால இருந்து பொழுது எறங்கற வரைக்குமா?"

"ஆமா."

அவள் களத்தில் இறங்கிய காக்கைகளைப் பார்த்தாள். பிறகு, "இருவது நாளா பாட்ட எடுக்கறதும் முடிக்காம உடறதுமா இருக்கறீங்க. யாரும் சாகலீன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க. போய் நல்லாக் கேட்டுப் பாருங்க" என்றாள். நான் அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பாட்டு உன்னுடையது, அதைப் போடுவதற்கு என்ன வேண்டுமோ சொல் என்றேன். உன் பேரைச் சொல்லி, பணம் தருவான் என்றும் சொன்னேன். அவள் கம்பை எடுத்துக்கொண்டு காக்கைகளை விரட்டினாள். "காசு என்னுத்துக்குங்க. அன்னிக்கும் கேட்டு வாங்கல, இன்னிக்கும் கேட்டுப் போடல. பாதியில நிக்குது, அத முடிக்கோணும். எந்திரத்தையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க, யாருக்குப் பாடறேன்னு பேரு சொல்லுங்க. வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். அப்பறம் அந்தப் பொட்டியில இருக்கறத அழிச்சுப்போடோணும்" என்றாள்.

திரும்பி வந்து கேட்டேன், கண்ணு. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் லைனில் மெல்ல நடந்தேன். சாப்பாட்டு மணி அடித்து ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தார்கள், மிஷின்களும் நின்றிருந்தன. ஆனால் பாட்டு நிற்கவில்லை. கடைசி மிஷினில் ஒரு ஒடிசாப் பெண் டிபன் டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். அதே பாட்டு, அதே ஏற்ற இறக்கம், மூச்சு இழுக்கும் இடம்கூட அதேதான். அந்த மூச்சுக்கு நடுவில் அவள் விக்கினாள், இருபத்தைந்து வயதில் நான் விக்கிய அதே மாதிரி, எண்ணி மூன்று தடவை. தமிழ் நாலு வார்த்தை தெரியாத பெண். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, "என்ன கண்ணு?" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே உடைந்துபோனாள். "அம்மா... எங்க அம்மா செத்துப்போச்சு. ஊர்ல. நான் போகல. ஷிப்மெண்ட் முடிச்சுப் போ, சொன்னாங்க" என்றாள். இருபது நாளுக்கு மேல் ஆகிறதாம். இந்தப் பாட்டு என்ன பாட்டு தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள். "இது கேட்டா அம்மா வருது" என்றாள். அவள் பேர் சபிதா. இந்தக் கடிதத்தில் நான் எழுதுகிறேனே, அந்தப் பேரை நீ ஒருநாளாவது சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாயா?

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வைதேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மொதலாளிகிட்டச் சொன்னனுங்க அம்மா. கப்பல் போகட்டும், அப்பறம் அனுப்பலாம்னு சொல்லீட்டாருங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பாயியின் சாவிக்கொத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று அவர் செத்த அன்றைக்கே கிணற்றில் போட்டவள் நான். ஆனால் அது உன் இடுப்பில் தொங்குகிறது. நீ கெட்டவன் இல்லை. வாங்கின ஆர்டரை நாள் தவறாமல் அனுப்புகிற நல்ல முதலாளி என்று ஊரே சொல்கிறது. உன் அப்பாயியையும் ஊர் அப்படித்தான் சொன்னது. நாற்பது வருடமாக அவர்மேல் வைத்திருக்கும் கோபத்தை நான் இறக்கி வைக்கவில்லை, இனியும் மாட்டேன். ஆனால் புதிதாக ஒரு கோபத்தை, அதுவும் பெற்ற மகன்மேல், ஆரம்பத்திலிருந்து வளர்த்து எடுக்க எனக்கு வயது இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. இருபத்திரண்டு வயது. அவள் உன்மேல் கோபப்பட ஆரம்பித்தால் நீ செத்து, உன் பேரன் காலத்திலும் அது உயிரோடு இருக்கும். எப்படி இருக்கும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லைசென்ஸ்காரரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிற லைசென்ஸை எடுத்துக்கொண்டு, உனக்குப் பிடித்த சினிமாப் பாட்டை இரண்டு யூனிட்டிலும் ஊரறியப் போடு. பாட்டுக் கட்டினவர்களுக்குப் போய்ச் சேரட்டும். அந்தப் பையன் நியாயம்தான் பேசினான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சரசு வருகிறாள். காங்கேயத்துக்கு வண்டி அனுப்பு, நான் போய்க் கூட்டி வருகிறேன். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது, அதை வண்டியில் சொல்லிக்கொள்கிறேன், உனக்கு அது வேண்டாம். அவள் வரும்போது லைன் முழுக்க மெயின் சுவிட்சை இறக்கியிருக்க வேண்டும். விசிறியும் ஓடக்கூடாது. வெள்ளிக்கிழமை நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு முந்தின நாள் கம்பெனிக்குள் ஒப்பாரியா என்று உன் பெண்டாட்டி குதிப்பாள். இருபது நாளாக அது நடந்துகொண்டுதான் இருக்கிறது, முடிப்பது ஒன்றுதான் பாக்கி என்று சொல். முடிந்ததும் சரசு கண் முன்னாலேயே அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டரிலும் போனிலும் அழித்துவிடு. கேசட்டை என்னிடம் கொடு. சாயங்காலம் சபிதாவுக்கு ரயில். டிக்கெட் நான் சொல்லிவிட்டேன், அவள் திரும்பி வரும்வரை அந்த மிஷினில் யாரையும் உட்காரவைக்காதே.

சரசுவுக்கு இன்னும் ஒன்று வேண்டும். செத்தவள் பேர். பேர் இல்லாமல் அவள் வாயைத் திறக்கமாட்டாள். உன் ஆபீஸ் ரெஜிஸ்டரில் பார்த்தேன். பெண்ணின் பேர் இருக்கிறது, அப்பன் பேர் இருக்கிறது, ஆதார் நம்பர் இருக்கிறது, அம்மா பேருக்கு அதில் கட்டமே இல்லை. நான் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லியிருப்பாள். வேண்டுமென்றேதான் கேட்காமல் வந்தேன். இதை உன் கம்பெனி மேஜையில்தான் வைத்துவிட்டுப் போகிறேன். படித்து முடித்ததும் போனை அங்கேயே வைத்துவிட்டு லைனுக்குப் போ. கடைசி மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார். உன் அம்மா பேர் என்ன என்று கேள். சொல்லும்போது அழுவாள், பேரோடு நிறுத்தமாட்டாள். நீ எழுந்திருக்காதே.

அம்மா